சைக்கிள் டிராக் அப்புறம், முதலில் அந்தக் கம்பி மூடி

எங்கள் தெரு மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் மழைநீர் வடிகாலுக்கு ஒரு சதுரக் கம்பி மூடி இருந்தது. கம்பிகள் குறுக்கே ஓடாமல், வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் ஓடின. இடைவெளியில் இரண்டு விரல் தாராளமாக நுழையும். பைக் டயர் அதன்மேல் ஏறிப் போய்விடும். சைக்கிள் டயர் இறங்கிவிடும். ஒருநாள் சாயங்காலம் என் முன்சக்கரம் இறங்கியது. நான் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தேன், முழங்கையில் நாலு தையல்.

கட்டுப் போட்ட கையோடு போன அலுவலகத்தில் ‘இது எங்க மூடி இல்லீங்க’ என்றார்கள். அடுத்த அலுவலகத்திலும் அதே பதில். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் இரண்டு பேர் வந்தார்கள். கடப்பாரையால் நெம்பி, மூடியைக் கால்வட்டம் திருப்பிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பத்து நிமிட வேலை.

அந்த மூன்று மாதத்திலும் அதற்குப் பின்னும் கற்றதை, தெருவைச் சைக்கிளுக்கு ஏற்றதாக மாற்றும் வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கோவை, மதுரைக்காரர்கள் அலுவலகப் பெயர்களையும் போன் நம்பர்களையும் மாற்றிக்கொண்டால் போதும்.

எதைக் கேட்பது

சைக்கிளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலு பேர் கூடினால் முதலில் வரும் பேச்சு ‘டிராக்’. பச்சை பெயின்ட், நடுவில் சைக்கிள் படம். நம் உட்புறத் தெருக்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் கார் நின்றுவிட்டால் ஒரு ஆட்டோவும் ஒரு பைக்கும் உரசாமல் போவதே பெரிய காரியம். அங்கே டிராக் கேட்டால் ‘போதிய இடவசதி இல்லை’ என்ற ஒரே வரியில் மனு முடிந்துபோகும். அகலமான ரோட்டில் வெறும் பெயின்ட் டிராக் கிடைத்தாலும் அடுத்த வாரமே அது பார்க்கிங் ஆகிவிடும். நடுவில் தடுப்புக் கல்லோ, தரை உயரத்தில் வித்தியாசமோ இல்லாத டிராக்குக்காக நடையாய் நடக்காதீர்கள்.

கொள்கைக்குப் பஞ்சமில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை 2014-இல் சென்னை மாநகராட்சி ஏற்றது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்கிறது அது. மனுவில் இதை ஒரு வரியில் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் கொள்கை வந்து கம்பி மூடியைத் திருப்பாது. அதற்கு இடம், அளவு, பொறுப்பான ஆள் மூன்றும் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு பாதையை எடுங்கள்

வார்டு முழுவதையும் திருத்தப் புறப்பட்டால் ஒரு தெருவும் திருந்தாது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டரில் ஒரே பாதை போதும். அதை நீங்கள் போகும் வழியாக எடுக்காமல், சைக்கிள் அதிகம் போகும் வழியாக எடுங்கள்.

காலை ஆறு மணிக்கு முனை டீக்கடையில் உட்கார்ந்து எட்டரை வரை எண்ணுங்கள். யார் போகிறார்கள் என்பதையும் குறியுங்கள். ஷிஃப்ட் முடிந்து போகும் வாட்ச்மேன், பக்கெட்டைத் தொங்கவிட்ட பெயின்டர், பால் பாக்கெட் போடும் பையன், கேரியரில் கூடை கட்டிய பூக்காரம்மா, கட்டட வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளர்கள். எட்டு மணிக்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில். சைக்கிளைக் கொடுக்கிற அரசாங்கத்திடம் அதை ஓட்ட வழி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. என்னைப் போல ஹெல்மெட் மாட்டி ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் போகிறவர்கள் கேட்டால் அது பொழுதுபோக்குக் கோரிக்கையாகத்தான் பார்க்கப்படும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் லெட்டர்பேடில் நாலு வரி எழுதித் தந்தால் அதே மனு வேறு மேசைக்குப் போகும்.

டேப், சாக்பீஸ், பத்து ரூபாய் நாணயம்

பாதையை இரண்டு தடவை நடந்து பாருங்கள். ஒருமுறை பள்ளிக்கூட நேரத்தில், ஒருமுறை இரவு எட்டு மணிக்கு மேல். மழை விட்ட மறுநாள் மூன்றாவது நடையும் முடிந்தால் இன்னும் நல்லது. சைக்கிளில் போனால் விழாமல் இருப்பதிலேயே கவனம் போய்விடும், அதனால் நடந்தே போங்கள். ஐந்து மீட்டர் இரும்பு டேப், சாக்பீஸ், போன் இருந்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது கம்பி மூடிகள். கம்பிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம். அதை இடைவெளியின் மேல் படுக்கவையுங்கள். நின்றால் சரி. உள்ளே விழுந்தால் மூடி தோற்றது, உங்கள் பத்து ரூபாயும் போயிற்று. ரேஸ் சைக்கிள்களின் மெல்லிய டயர் ஏறக்குறைய அந்த நாணய அகலம்தான். நாணயத்தோடு ஒரு போட்டோ எடுத்துவிட்டால் (விழுவதற்கு முன்பு) அளவைப் பற்றி யாரும் வாதம் பண்ண முடியாது.

அடுத்து மேன்ஹோல். ரோட்டை மறுபடி போட்டபோது மூடியை உயர்த்தாமல் விட்டிருந்தால் அது பள்ளத்தில் கிடக்கும். ஒரு கம்பையோ துடைப்பக் குச்சியையோ பள்ளத்தின் குறுக்கே வைத்து, அதிலிருந்து மூடி வரை டேப்பை இறக்கினால் ஆழம் தெரியும். ‘பெரிய பள்ளம்’ என்று எழுதாதீர்கள், ‘9 செ.மீ.’ என்று எழுதுங்கள்.

மூன்றாவது, தார் முடியும் ஓரம். தாருக்கும் பக்கத்து மண்ணுக்கும் அல்லது பேவர் பிளாக்குக்கும் இடையில் இரண்டு விரல் இறக்கம் இருந்தாலே ஆபத்துதான். பஸ்ஸுக்கு ஒதுங்கி இறங்குவது சுலபம். மறுபடி ஏறும்போது டயர் அந்த விளிம்பை உரசிக்கொண்டே போய் ஆளைச் சாய்த்துவிடும். பஸ் தடத்தில் இது நடந்தால் பின்னால் என்ன வருகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேபிள் புதைத்துவிட்டு ஜல்லி கொட்டி மூடிய ரோடு கட், அகற்றாமல் விட்ட கொடிக்கம்ப அடி, நடைபாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மின்பெட்டி, மரக்கிளை மறைக்கும் தெருவிளக்கு எல்லாவற்றையும் குறியுங்கள். விளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் உள்ள கதவு எண் கட்டாயம். ‘பிள்ளையார் கோயில் பக்கத்தில்’ என்றால் எந்தப் பிள்ளையார் என்று கேட்பார்கள், நியாயம்தானே.

அது யாருடைய மூடி

இங்கேதான் பாதிப் பேர் சோர்ந்துவிடுகிறார்கள். ஒரே தெருவுக்கு நாலைந்து சொந்தக்காரர்கள். ரோட்டோரக் கம்பி மூடி பெரும்பாலும் மாநகராட்சியின் மழைநீர் வடிகாலுடையது. நடுரோட்டில் இருக்கும் வட்ட மூடி பெரும்பாலும் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் மேன்ஹோல். தோண்டிப் போட்ட நீளக் கோடு மின்வாரியமாக இருக்கலாம், இணையக் கேபிள் கம்பெனியாகவும் இருக்கலாம். தெரு மாநகராட்சியுடையதாக இருந்து, அது போய்ச் சேரும் பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருப்பதும் உண்டு. மாநகராட்சிக்குள்ளேயே பஸ் போகும் சாலைகளைத் தனிப் பிரிவு கவனிக்கிறது. நோ பார்க்கிங், ஒன்வே, சிக்னல் எல்லாம் போக்குவரத்துப் போலீஸ்.

மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 1916. ‘நம்ம சென்னை’ செயலியிலும் போட்டோவோடு பதியலாம். ஒரு புகாரில் ஒரு பிரச்சினைதான் இருக்க வேண்டும். மூன்றைச் சேர்த்து எழுதினால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மொத்தத்தையும் முடித்துவிட வாய்ப்பிருக்கிறது. வேலை நடக்காமலே ‘முடிந்தது’ என்று எஸ்எம்எஸ் வந்தால் கோபப்படாமல் அன்றைய தேதி தெரியும்படி புதிய போட்டோ எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். ஒரு நோட்டில் புகார் எண், தேதி, பேசியவரின் பதவி மூன்றையும் எழுதிவைப்பது பின்னால் உதவும்.

மனு

சின்னச் சின்னப் பழுதுகளுக்குப் புகார் போதும். பாதையின் அமைப்பே மாற வேண்டுமென்றால் மனு எழுத வேண்டும். வார்டு உதவிப் பொறியாளருக்கு எழுதி, கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் எழுதும் மாதிரி இது:

‘பொருள்: ___ தெருவில் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சைக்கிளில் செல்லும் வழியில் மூன்று இடங்களைச் சீரமைக்கக் கோருதல்.

ஐயா, மேற்படி தெரு வழியாகப் பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9 மணிக்குள் ___ சைக்கிள்கள் செல்வதை நாங்கள் ___ தேதியில் எண்ணிக் குறித்துள்ளோம். (1) கதவு எண் 14 எதிரில் வடிகால் கம்பி மூடியின் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் உள்ளன, இடைவெளி 32 மி.மீ. குறுக்குவாக்கில் திருப்பி அமைக்க வேண்டுகிறோம். (2) கதவு எண் 31 எதிரில் மேன்ஹோல் மூடி சாலை மட்டத்துக்கு 9 செ.மீ. கீழே உள்ளது. (3) மெயின் ரோடு சந்திப்பின் இடதுபுற முனையில் வளைவைக் குறுக்கி நடைபாதையை நீட்டித்துத் தர வேண்டுகிறோம். படங்களும் கையால் வரைந்த வரைபடமும் இணைப்பில்.’

இதில் ‘ஆவன செய்யுமாறு’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல் இருந்தால் எதைச் செய்தாலும் ஆவன செய்தாகிவிடும்.

இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 198ஏ என்ற பிரிவு, சாலையைத் தரநிலைப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. முதல் மனுவிலேயே அதை நீட்டாதீர்கள். உதவிப் பொறியாளர்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே கூட்டாளி. இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால் மூன்றாவதில் எழுதலாம்.

வேகத்தடை கேட்கும் முன்

சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்து பள்ளம் அல்ல, வேகம். சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 கி.மீ. என்று 2023 நவம்பரில் போக்குவரத்துப் போலீஸ் வரம்பு வைத்தது. கார் மோதும் வேகம் 50-இலிருந்து 65 ஆனால், நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளில் இருப்பவரும் நடப்பவரைப் போலத்தான், அவரைச் சுற்றி இரும்புக் கூடு எதுவும் இல்லை.

இதைச் சொன்னதும் தெருக்காரர்கள் ‘ஸ்பீட் பிரேக்கர் போடச் சொல்லு’ என்பார்கள். நம்மூரில் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது சிமென்ட் கலந்து போட்டுவிடுவார்கள். அரை மீட்டர் அகலம், செங்குத்தாக ஒரு சாண் உயரம், பெயின்ட் கிடையாது. எங்கள் பகுதியில் ஒரு பள்ளி வாசலில் அப்படி ஒன்று இருந்தது. பைக்காரர்கள் ஓரத்து இடைவெளியில் புகுந்து, அங்கேயே ஒதுங்கி வந்த பிள்ளைகளை இடித்தார்கள். கேரியரில் பத்துக் கிலோ அரிசியோடு ஒருமுறை அதில் ஏறி இறங்கிப் பாருங்கள், விளங்கும்.

சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் பழைய தரநிலையில் வட்டமுதுகு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் தாண்டலாம், 40-இல் வந்தால் தலை கூரையில் முட்டும். மனுவில் இந்த அளவைக் குறிப்பிட்டு, கோடுகளும் முன்னறிவிப்புப் பலகையும் வேண்டும் என்று எழுதுங்கள். பள்ளி வாசலுக்கு இதைவிட நல்லது மேடைபோல உயர்த்திய கடக்கும் பாதை. நடைபாதை உயரத்துக்கு ரோடு ஏறி இறங்கும், பிள்ளைகள் சமதளத்தில் கடப்பார்கள், கார் தானாக மெதுவாகும்.

முனையில் கோலமாவு

பெரிய விபத்துகள் பாதிவழியில் நடப்பதைவிட முனையில் நடப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை அதிகம். மெயின் ரோட்டிலிருந்து இடதுபுறம் திரும்பும் கார் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு வரும். காரணம், முனையின் வளைவு அவ்வளவு தாராளமாக இருக்கிறது. வளைவைக் குறுக்கினால் ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டே ஆக வேண்டும்.

எவ்வளவு குறுக்கலாம் என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்தது இது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வண்டி வராத நேரத்தில், முனையின் வளைவு முழுவதும் கோலமாவை மெல்லியதாகத் தூவினோம். பத்து மணிக்கு எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து போட்டோ எடுத்தோம். கார், ஆட்டோ, குப்பை வண்டி எல்லாம் திரும்பிய இடம் கறுப்பாக அழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு பெரிய பிறை அளவுக்கு மாவு அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. அந்தப் பிறைக்கு ரோடு தேவையே இல்லை. அதை நடைபாதையோடு சேர்த்துவிடலாம். அந்த ஒரே போட்டோ எங்கள் ஒரு பக்க மனுவைவிட அதிகம் பேசியது. தூவும்போது ஒருவர் முனையில் நின்று வண்டி பார்க்க வேண்டும், பஸ் போகும் சாலையில் போலீஸிடம் சொல்லாமல் செய்யக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெரிய லாரி வராது என்பதால் வாரநாளிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தீயணைப்பு வண்டி திரும்புமா என்று பொறியாளர் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான்.

முனையிலிருந்து இரண்டு கார் நீளத்துக்கு எதுவும் நிற்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. வருகிற சைக்கிள் கண்ணில் படும்.

கடைக்காரர்களிடம் முதலில்

பார்க்கிங் போய்விடும் என்ற பயத்தில் எதிர்ப்பு வரும். மனு கொடுத்த பிறகு அவர்களைப் பார்க்கப் போகாதீர்கள், கொடுப்பதற்கு முன்பே போங்கள். ‘அண்ணே, உங்க கடைக்கு வர்றவங்க எதுல வர்றாங்க?’ என்று கேளுங்கள். மளிகைக்கடை அண்ணாச்சி தன் வாசலில் நாள் முழுக்க நிற்பது அவருடைய கஸ்டமர் வண்டியே இல்லை, பக்கத்து அபார்ட்மென்ட் கார் என்று அவராகவே சொல்வார். அப்போது அவர் உங்கள் ஆள். நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017-இன் மத்திய ஓட்டுநர் ஒழுங்குமுறைகளே சொல்கின்றன, ஆனால் தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டும்.

தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்தச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். இரவு பத்து மணிக்குத் தெருவில் வெளிச்சமும் ஆளும் இருப்பது அவர்களால்தான்.

நடைபாதையில் பைக் ஏறாமலிருக்க இரும்புக் கம்பங்களை நெருக்கமாக நடச் சொல்வதும் வேண்டாம். பைக் நுழைய முடியாத இடத்தில் சக்கர நாற்காலியும் நுழையாது.

பணமும் பருவமும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரோட்டைத் தோண்ட விடமாட்டார்கள், புதிதாகப் போடவும் மாட்டார்கள். மாநகராட்சி பட்ஜெட் மார்ச் மாத வாக்கில் வரும். ஆகவே மழை முடிந்து டிசம்பர் கடைசியில் நடந்து பார்த்து, பொங்கல் கழிந்ததும் மனு கொடுப்பதுதான் சரியான கணக்கு. தெரு மறுபடி தார் போடப்படும் பட்டியலில் இருந்தால் அதிர்ஷ்டம், மூடி உயர்த்துவதும் முனையைக் குறுக்குவதும் அதே எஸ்டிமேட்டில் ஏறிவிடும். ரோடு போட்டு முடிந்த பிறகு கேட்டால் ‘இப்பத்தானே போட்டோம்’ என்பார்கள்.

கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியில் சின்ன வேலைகள் முடியும். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். வசதியான காலனிகளுக்கு அது ஒத்துவரும், மற்ற இடங்களில் உரிமைக்கு வசூல் செய்வதுபோல ஆகிவிடுகிறது, எனக்கு உடன்பாடில்லை. 2022-இன் விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைகள் உண்டு. அங்கே நீளமாகப் பேசாதீர்கள். கோலமாவு போட்டோவைக் காட்டி, கோரிக்கையைத் தீர்மானமாகப் பதியச் சொல்லி உட்காருங்கள்.

பதில் வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், ஏனுக்குப் பதில் வராது. ஆவணம் கேளுங்கள். இந்தத் தேதியில் கொடுத்த மனுமீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல், இந்தத் தெருவுக்குக் கடைசியாகத் தார் போட்ட ஒப்பந்தத்தின் அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் பதிவேடு) நகல், ஒப்பந்ததாரர் பழுது பார்க்க வேண்டிய பொறுப்புக் காலம் முடியும் தேதி. கடைசிக் கேள்விதான் தங்கம். அந்தக் காலம் முடியாமல் இருந்தால் பள்ளத்தை மூடும் செலவு ஒப்பந்ததாரருடையது.

அதுவரை

நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள், கதவு எப்போதும் திடீரென்றுதான் திறக்கும். இரண்டு கார்களுக்கு நடுவே உள்ளே போய் வெளியே வந்து நெளியாமல் ஒரே கோட்டில் போங்கள். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் இடதுபக்கம் நுழையாதீர்கள். பின்னால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் மட்கார்டில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கராவது.

வேலை நடக்கும் நாள்

அன்று கட்டாயம் அங்கே இருங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட ஆரம்பித்தால் உதவிப் பொறியாளருக்குப் போன் போடுங்கள். சுரண்டாமல் போடக் கூடாது என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். மேல் பூச்சு ஏற ஏற மூடிகள் பள்ளமாகும், வீட்டு வாசல்கள் ரோட்டுக்குக் கீழே போகும். கம்பி மூடியை மறுபடி வைக்கும்போது கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வேலையாளிடம் காட்டிக் கொடுங்கள். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் மேன்ஹோல் ஓரத்தையும் ஒருமுறை தட்டி மட்டம் பார்ப்பார்.

முதல் மழை விட்ட காலையில் சாக்பீஸோடு மறுபடி அதே பாதையில் நடங்கள். தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களைச் சுற்றி வட்டம் போட்டு, கதவு எண் தெரியும்படி போட்டோ எடுத்து, பொறுப்புக் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.